சேவலைப் புடிக்க எத்தனை இங்கிலீசு?

என்ன தாயி, பொழுது அடையப் போகுது, இன்னும் அந்தப் புத்தகத்தை வச்சு முணுமுணுத்துக்கிட்டு இருக்க? ஏதோ மந்திரம்னு நெனச்சேன். காதைக் கொடுத்துக் கேட்டா ‘கேட்ச்னா புடி, சீஸ்னா புடி, கிராப்னா புடி, கிளட்ச்னா புடி’ன்னு ஒரே புடியா இருக்கு. இம்புட்டுப் புடியும் ஒண்ணுதான்னா வெள்ளைக்காரன் என்ன வேலையத்தவனா, ஒரே கைக்குப் பத்துப் பேரு வச்சு அகராதியைக் குண்டாக்குறதுக்கு?

புத்தகத்தை மூடு. மூடிட்டு அந்தப் பஞ்சாரத்தை எட்டிப் பாரு. சேவல் இன்னும் வந்து அடையலைன்னு ஒங்க அப்பத்தா மூணு தரம் சொல்லிட்டா. அது வர்ற வரைக்கும் நான் சொல்றதைக் கேளு. பரீட்சைக்கு ஒதவுமான்னு கேக்காத. பரீட்சைக்கு ஒதவாததைச் சொல்லத்தான் வீட்டுல ஒரு கெழவனை வச்சுச் சோறு போடுறது.

சிரிக்காத. மாட்டுக்குத் தவிடு காட்டுற கைக்கு என்ன இங்கிலீசு தெரியும்னுதானே? விடிய முந்தி தொழுவம், பத்து மணிக்கு டவுன் கோர்ட்டு. வக்கீல் குமாஸ்தாவா 32 வருசம் ஓட்டியிருக்கேன். எங்க வக்கீலையா மேசையில தலகாணி தண்டிக்கு ஒரு அகராதி இருக்கும். அவரு கண்ணை மூடினதும் பிள்ளைக வீட்டைப் பங்கு வச்சாக, நகையைப் பங்கு வச்சாக, வெண்கலக் குத்துவிளக்குக்கு அடிதடியே நடந்துச்சு. அகராதியை ஒருத்தரும் சீந்தலை. நான் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்படி எடுத்ததுக்கு இங்கிலீசுல என்ன சொல்லுங்கிறதைப் பெறகு சொல்றேன். அது கொஞ்சம் வில்லங்கமான சொல்லு.

மொதல்ல கேட்ச். ஓடுறதைத்தான் கேட்ச் பண்ண முடியும். நிக்கிற தூணை எவனாவது கேட்ச் பண்ணுவானா? பஸ்ஸைப் பண்ணலாம், பந்தைப் பண்ணலாம், ஒங்க அப்பன் சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டப்ப அவனைப் பண்ணலாம். காரணம் என்னன்னா, கேட்ச்சும் சேஸும் ஒரு வயித்துப் பிள்ளைக. லத்தீன்ல தாய் ஒருத்திதான். பிரான்சு தேசத்து வடக்கத்தியான் வாயில விழுந்தது கேட்ச் ஆச்சு, நடுச்சீமைக்காரன் வாயில விழுந்தது சேஸ் ஆச்சு. ரெண்டும் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்துச்சுக. வந்த புதுசுல கேட்ச்சுக்கே ‘வெரட்டு’ன்னுதான் அர்த்தம். அப்புறம் அண்ணன் தம்பி பாகம் பிரிச்சுக்கிட்டாக: வெரட்டுற பாடு ஒனக்கு, அகப்படுறது எனக்கு.

கேட்ச்சுக்கு எறந்த காலம் ‘கேட்ச்டு’ன்னு வராம ‘காட்’னு வருதே, ஏன்னு ஒங்க மிஸ்ஸு சொன்னாகளா? சொல்லியிருக்க மாட்டாக. கதவுல லாட்ச் இருக்குல்ல, நம்ம நாதாங்கி, பழைய இங்கிலீசுல அந்தச் சொல்லுக்கும் ‘புடி’ன்னுதான் அர்த்தம். அதோட எறந்த காலத்தைப் பாத்து கேட்ச் காப்பியடிச்சுருச்சு. காப்பியடிச்சவன் பாஸாகி ஊரெல்லாம் சுத்துறான். எழுதிக் காட்டினவன் இன்னும் கதவுல தொங்குறான்.

கிரிக்கெட்டுல கேட்ச்னா என்னன்னு இந்த ஊரு பூராவும் தெரியும். 1983 ஜூன் 25, உலகக் கோப்பை பைனல், லார்ட்ஸ் மைதானம். நம்மாளுக எடுத்ததே 183. ரிச்சர்ட்ஸ் 33 எடுத்துட்டு, மென்னு துப்புற வெத்தலை மாதிரி பந்துகளைத் துப்பிக்கிட்டு இருக்கான். மதன்லால் போட்ட பந்தைத் தூக்கி அடிக்கிறான். கபில்தேவ் பின்னாடி ஓடுறான், ஓடுறான், தோளுக்கு மேல பாத்துக்கிட்டே ஓடுறான். பந்து வந்து கையில விழுகுது. வெரட்டுனதும் அகப்பட்டதும் ஒரே மூச்சுல. அண்ணனும் தம்பியும் அன்னிக்கு ஒரு பொழுது ஒண்ணா ஒக்காந்து சாப்பிட்டாக.

ஆனா கேட்ச் பண்ணினா மட்டும் போதாது தாயி, ஹோல்ட் பண்ணணும். 1999 உலகக் கோப்பை, லீட்ஸ் மைதானம். ஸ்டீவ் வாக் 56-ல நிக்கான். பந்து கிப்ஸ் கையில லட்டு மாதிரி வந்து விழுந்துச்சு. அந்தப் பய சந்தோசத்துல அதை ஆகாசத்துல எறியப் போனான். எறியறதுக்குள்ள நழுவிருச்சு. ரூல் என்னன்னா, பந்தும் ஒன் கட்டுக்குள்ள இருக்கணும், ஒன் ஒடம்பும் ஒன் கட்டுக்குள்ள இருக்கணும். கிப்ஸுக்கு மனசு ரெண்டையும் முந்திருச்சு. வாக் 120 அடிச்சு அவுட்டாகாம நின்னான், அந்த வருசக் கோப்பையையும் ஆஸ்திரேலியாக்காரன்தான் தூக்கிட்டுப் போனான். கைக்கு வந்தது கேட்ச், கைக்குள்ள அடங்கினது ஹோல்ட். எழுதி வச்சுக்கோ.

இங்கிலீசுக்காரன் பண்ற இன்னொரு கூத்து: சளியையும் அவன் கேட்ச் பண்ணுவான். என்னமோ இவன் தெருத்தெருவா வெரட்டிப் போயி, சந்துல மடக்கி, சளியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்த மாதிரி. நமக்கு அந்தப் பவுசு கெடையாது. ‘எனக்குச் சளி புடிச்சிருக்கு’. சளிதான் நம்மளைப் புடிக்கும். பேய் புடிக்கும், சனி புடிக்கும், கிறுக்குப் புடிக்கும். நாம செவனேன்னுதான் இருந்தோம், அதுகளா வந்துச்சுக. இதுல பெரிய அக்கிரமம் என்னன்னா, பொண்ணு பாக்கப் போனப்ப ஒங்க அப்பத்தாவைக் காட்டி ‘எனக்குப் புடிச்சிருக்கு’ன்னுதான் நானும் சொன்னேன். இலக்கணத்துல சளிக்கும் அவளுக்கும் ஒரு துளி வித்தியாசம் இல்லை. சளி நாலு நாள்ல விட்டுரும்.

மெதுவாப் பேசச் சொல்றியா? அவளுக்குக் காது கேக்காது. சோத்துக்கு உப்பு இல்லைன்னு நான் சொன்னா மட்டும் கேக்கும்.

கேட்ச்சுக்கு இன்னொரு குணமும் உண்டு. எவனாவது ‘ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாம்’னு சொன்னா, இங்கிலீசுக்காரன் ‘இதுல என்ன கேட்ச்’னு கேப்பான். அதாவது, என்ன உள்குத்துன்னு. 1961-ல ஜோசப் ஹெல்லர்னு ஒரு அமெரிக்கக்காரர் ‘கேட்ச்-22’ன்னு ஒரு நாவல் எழுதினாரு. சண்டை விமானம் ஓட்டுறவனுக்குப் புத்தி பேதலிச்சா வீட்டுக்கு அனுப்பிருவாக. ஆனா ‘எனக்குப் புத்தி சரியில்லை’ன்னு அவனே கேக்கணும். உசுருக்குப் பயந்து கேக்குறவன் புத்தி தெளிவாத்தானே இருக்கான், அதனால போயி ஓட்டுன்னுருவாக. மொதல்ல அந்தப் புத்தகத்துக்கு ‘கேட்ச்-18’ன்னுதான் பேரு. இன்னொருத்தர் நாவல் தலைப்புலயும் 18 வந்துட்டதால 22 ஆக்கிட்டாக. முகவரிச் சான்று வேணும்னா ரேஷன் கார்டு கொண்டா, ரேஷன் கார்டு வேணும்னா முகவரிச் சான்று கொண்டான்னு நம்மளை அலைய விடுறாகளே, அதுக்கு நாவல் எழுத எனக்கு நேரம் இல்லாமப் போச்சு.

அடுத்து சீஸ். ஒனக்கு ஒடனே பீட்சா மேல உருக்கி ஊத்துறது ஞாபகம் வரும். தமிழ்ல எழுதினா திங்கிறதும் சீஸ், நிறுத்துறதும் சீஸ், பறிக்கிறதும் சீஸ். நம்ம எழுத்தோட பெருந்தன்மை அது. பறிக்கிற சீஸ் எழுத்துக்கூட்டுலயே அடங்காப்பிடாரி. ‘ஐ முன்னாடி, ஈ பின்னாடி’ன்னு ஒரு சூத்திரம் சொல்லிக் குடுத்திருப்பாகளே, அதை மதிக்காம ஈயை முன்னாடி நிறுத்திக்கிட்டு நிக்கும். இத்தனைக்கும் அது சட்டத்துக்குள்ள பொறந்த சொல்லு. சட்டம் தெரிஞ்சவன்தானே சட்டத்தை மீறுவான்.

கோர்ட்டுல நான் சேர்ந்த புதுசு. ஒரு உத்தரவுல ‘கோர்ட் இஸ் சீஸ்ட் ஆஃப் த மேட்டர்’னு இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரந்தான் ஒரு ஆசுபத்திரிச் சீட்டுல ‘சீஷர்’னா வலிப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேன். கோர்ட்டுக்கே வலிப்பு வந்துருச்சுன்னு ஒரு கணம் பதறிட்டேன். சாவிக்கொத்தைத் தேடாத கொறைதான். ‘அட மட்டி, வழக்கு கோர்ட்டோட வசம் இருக்குன்னு அர்த்தம்’னு வக்கீலையா சிரிச்சாரு. நாஞ்செஞ்சதுல ஒரு பாதி ஞாயமும் இருந்துச்சு தாயி. வலிப்புக்கு டாக்டருக எபிலெப்ஸின்னு சொல்றாகளே, அது கிரேக்கச் சொல்லு. அதுக்கும் ‘மேல விழுந்து புடிச்சுக்கிறது’ன்னுதான் பொருள்.

அந்த ‘வசம்’தான் சீஸோட பூர்வீகம். பிரான்சுல இருந்து வந்த நார்மானியர்க கொண்டாந்த நிலச்சட்டத்துல ‘சீஸின்’னு ஒரு சொல்லு. நம்ம கெரயப் பத்திரத்துல ‘இன்றைய தேதியில் சுவாதீனம் ஒப்படைத்து’ன்னு எழுதுவோம்ல, அந்தச் சுவாதீனம். அப்ப சீஸ் பண்றதுன்னா ஒருத்தன்கிட்ட இருந்து பறிக்கிறது இல்லை, ஒருத்தனுக்குச் சுவாதீனம் குடுக்குறது. எப்படிக் குடுப்பாக தெரியுமா? ரெண்டு பேரும் நெலத்துல போயி நிப்பாக. விக்கிறவன் குனிஞ்சு ஒரு மண்ணாங்கட்டியையோ ஒரு சுள்ளியையோ எடுத்து வாங்குறவன் கையில வைப்பான். தீந்துச்சு, நெலம் கை மாறிப்போச்சு. ஊருல பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலம். மண்ணாங்கட்டிதான் பத்திரம், சாட்சிக்காரன் கண்ணுதான் ரெஜிஸ்டர் ஆபீசு. அந்தச் சடங்கைச் சட்டப் புத்தகத்துல இருந்து ஒழுங்கா வழிச்சுத் தொடைச்சது 1925-லதான்.

என்னடா பைத்தியக்காரத்தனம்னு நெனைக்காத. நம்ம சிவில் நடைமுறைச் சட்டத்துல 21-ஆவது உத்தரவு, 35, 36-ஆம் விதிகளைப் பாரு. சொத்துல நேராப் போயி ஒக்கார முடியாத எடத்துல, கோர்ட்டுச் சீட்டை எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டி, தமுக்கு அடிச்சுச் சொல்லிச் சுவாதீனம் குடுக்கணும்னு இருக்கு. நானே அமீனா பின்னாடி போயிருக்கேன். தமுக்குக்காரன் அடிச்ச அடியில வீட்டுக்காரனைவிட எருமை மாடுதான் மெரண்டுச்சு. அங்க மண்ணாங்கட்டி, இங்க தமுக்கு. சொத்துங்கிறது கண்ணுக்குத் தெரியாத சரக்கு, அதைக் கையில புடிச்ச மாதிரி காட்ட ஏதாவது ஒரு கூத்து வேணும்.

குடுக்குறதுக்குப் பொறந்த சொல்லு எடுக்குறதுக்குப் போனது எப்படின்னு கேக்குறியா? ஒருத்தனுக்குக் குடுக்கணும்னா இன்னொருத்தன்கிட்ட இருந்து எடுக்கணுமே. கொஞ்ச காலத்துல குடுக்குற பாதி மறந்துபோச்சு. போலீசு போடுற சீஷர் மகஜர்ல அந்த மறதிதான் கையெழுத்துப் போடுது. ஆனா ஒண்ணு மட்டும் மறக்கலை: சீஸ்னா பின்னாடி ஒரு அதிகாரம் இருக்கும். காகிதமோ, காக்கிச்சட்டையோ, குறைஞ்சது ஒரு கடன் பத்திரமோ. மேலத்தெருக்காரன் ஒருத்தன் பைக் வாங்கினானே, மூணு தவணை கட்டலைன்னு வந்து தூக்கிட்டுப் போனாகளே, அவன் பொண்டாட்டி கை நாட்டு, இங்கிலீசே தெரியாது. அவ சொல்றா, ‘வண்டியை சீஸ் பண்ணிட்டாக’ன்னு. ஆக்ஸ்போர்டுல படிச்சவன்கூட அந்த எடத்துல அதைவிடச் சரியான சொல்லு போட முடியாது. மெக்கானிக் பயலும் அதே சொல்லைத்தான் சொல்றான். எண்ணெய் இல்லாம பிஸ்டன் சிலிண்டரோட இறுகிப்போனா எஞ்சின் சீஸ். ஆயில் ஊத்தலைன்னா எஞ்சின் சீஸ், டியூ கட்டலைன்னா வண்டியே சீஸ்.

கோர்ட்டுல ஜப்தின்னு ஒண்ணு உண்டு. அதுக்கு இங்கிலீசு என்ன, சொல்லு? ‘அட்டாச்மென்ட்’. ஆமா, ஒன் கூட்டாளி ஒருத்தி யார்மேலயோ அட்டாச்மென்ட்னு அழுதாளே, அதேதான். பண்டம் பாத்திரத்தை எல்லாம் கட்டித் தூக்கிட்டுப் போயிருவாக. அட்டாச்சும் அட்டாக்கும் ஒரே வேரு. காதலிச்சவங்களுக்கு நான் சொல்லணுமா.

அரெஸ்ட்டுக்கு ‘நிறுத்து’ன்னு அர்த்தம், அம்புட்டுத்தான். கார்டியாக் அரெஸ்ட்னா நெஞ்சைப் போலீசு புடிச்சுட்டுப் போகலை, துடிப்பு நின்னுபோச்சு. கப்பலையும் அரெஸ்ட் பண்ணலாம். சென்னை ஐகோர்ட்டுக்குக் கப்பலை அரெஸ்ட் பண்ற அதிகாரம் இருக்கு. மாட்டுவண்டியை சீஸ் பண்ணலாம், அரெஸ்ட் பண்ண முடியாது. ஓடுறதுல அதுக்கு அம்புட்டு மரியாதை இல்லை. மனுசனை அரெஸ்ட் பண்றதுன்னா ஒடம்பைத் தொடணும், இல்ல அடைச்சு வைக்கணும், இல்லாட்டி அவனா சொல்லாலயோ செயலாலயோ பணியணும். பழைய சட்டத்துல 46, இப்ப வந்த புதுச் சட்டத்துல 43. பொம்பளைன்னா வாயால சொன்னாலே பணிஞ்சதா வச்சுக்கணும், அவசியம் இல்லாம ஆம்பளைப் போலீசு தொடப்படாது. இது பரீட்சைக்கு இல்லை, ஒனக்கு. போன்ல எவனாவது சட்டையில நட்சத்திரம் குத்திக்கிட்டு வந்து ‘நீ டிஜிட்டல் அரெஸ்ட்டுல இருக்க, கேமராவை விட்டு நகராத, பணத்தை அனுப்பு’ன்னு சொன்னா, அப்படி ஒரு அரெஸ்ட் எந்தச் சட்டத்துலயும் கெடையாது. போனை வச்சுட்டுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு.

இப்ப ஸ்நாட்ச். இதுல வேகந்தான் எல்லாம். கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள நடக்கணும். பளு தூக்குறவுக பந்தயத்துல ஸ்நாட்ச்னு ஒண்ணு இருக்குல்ல, தரையில கெடக்குற கம்பியை நடுவுல எங்கயும் இளைப்பாற விடாம ஒரே மூச்சுல தலைக்கு மேல கொண்டுபோகணும். 2014-ல கிளாஸ்கோ காமன்வெல்த்துல நம்ம வேலூர்க்காரப் பய சதீஷ் சிவலிங்கம் அப்படி 149 கிலோவைத் தூக்கித் தங்கம் வாங்கினான். அதே வேகத்தை அஞ்சு பவுனுல காட்டினா ஜெயிலு. கழுத்துல இருக்குற சங்கிலியை அத்துட்டு ஓடுறவனை எந்தப் பிரிவுல போடுறதுன்னு அந்தக் காலத்துல எங்களுக்குள்ள பெரிய சண்டை நடக்கும். திருட்டுன்னா 379, அதிகம் போனா மூணு வருசம். கொள்ளைன்னா 392, பத்து வருசம் வரைக்கும். ‘சும்மா இழுத்தான், அடிக்கலை, மெரட்டலை’ம்பாரு எதிர்த்தரப்பு. ‘கழுத்துல காயம் இருக்குல்ல’ம்பாரு எங்க வக்கீலையா. 1860-ல எழுதின சட்டத்துல ஸ்நாட்ச்னே ஒரு குத்தம் இல்லை.

2024 ஜூலை 1-ல நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 304-ன்னு ஒரு பிரிவு வச்சு அதுக்குத் தனிப் பேரு குடுத்துட்டாக. திடீர்னோ, வெரசாவோ, பலவந்தமாவோ செய்யணுமாம். என்ன செய்யணும்? சீஸ் பண்ணணும், அல்லது செக்யூர் பண்ணணும், அல்லது கிராப் பண்ணணும், அல்லது டேக் அவே பண்ணணும். பாத்தியா, ஒன் புத்தகத்துல இருக்குற அம்புட்டுச் சொல்லும் சங்கிலிக்குப் பின்னாடி ஓடுது. எதுல தப்பிச்சாலும் எதுலயாவது மாட்டுவான்னு சட்டம் எழுதினவக நெனச்சிருப்பாக. இம்புட்டும் எழுதிட்டுத் தண்டனை என்ன வச்சிருக்காகன்னா, அதே மூணு வருசம் வரைக்கும். பேரு வச்சதுக்கு ஒரு சோறு ஆக்கிப் போட்டிருந்தாலும் புண்ணியமாப் போயிருக்கும்.

கிராப்புக்கு வேகமும் உண்டு, நாகரிகம் மட்டும் கெடையாது. பந்தியில பாயாசத்துக்குக் கையை நீட்டுறவன் பண்றது கிராப். கிரிப் அமைதியான சொல்லு. டயருக்கு இருக்கும், கைப்புடிக்கு இருக்கும், ஒங்க அப்பத்தாளுக்குக் குடும்பத்து மேல இருக்கும். கிளட்ச்னா பயத்துல இறுக்கிப் புடிக்கிறது. பஸ்ஸு ராத்திரி வளைவுல திரும்புறப்ப பையை நெஞ்சோட அணைச்சுக்கிறோமே, அது. வண்டியில இருக்குற கிளட்ச்சை நெனச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வரும். கையில புடிச்சா எஞ்சின் சக்கரத்தை விட்டுரும், கையை விட்டா எஞ்சின் சக்கரத்தைப் புடிச்சுக்கிரும். எங்க தலைமுறையில மாமனார்க எல்லாம் அந்த மாதிரிதான்.

கிட்நாப்னு ஒரு சொல்லு கெடக்கு பாரு, அதைச் சும்மா ‘கடத்தல்’னு மனப்பாடம் பண்ணாத. கிட்னா ஆட்டுக்குட்டி. பேச்சு வழக்குல பிள்ளையையும் அப்படிச் சொல்லுவாக. நாப்னா திருட்டுப் பாஷையில லபக்குறது. 17-ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துத் தெருவுல திரிஞ்ச பிள்ளைகளையும் எளைசுகளையும் புடிச்சு அமெரிக்காவுல தோட்ட வேலைக்கு அனுப்பினாக. அந்தத் தொழிலுக்குத் திருடன் வச்ச பேரைத்தான் பெறகு சட்டம் எடுத்து எழுதிக்கிச்சு. திருடன்கிட்ட இருந்து சட்டம் ஒரு சொல்லை லபக்குனதுக்கு எந்தப் பிரிவுன்னு எனக்கு வெளங்கலை.

அப்ரிஹெண்ட் இருக்கே, அது மூணு மொகம் உள்ள சாமி. போலீசு ஒருத்தனைப் புடிக்கிறது அப்ரிஹெண்ட். ஒரு விசயம் மண்டையில ஏறுறதும் அப்ரிஹெண்ட். என்ன நடக்குமோன்னு பயப்படுறதும் அதுதான். அதோட வேருல இருந்துதான் பிரிசன் வந்துச்சு, அதுல இருந்துதான் தொழில் பழகுற பயலைச் சொல்ற அப்ரெண்டிஸும் வந்துச்சு. நான் குமாஸ்தாவுக்கு அப்ரெண்டிஸாப் போன மொத நாள் மூணும் ஒண்ணா நடந்துச்சு: கையைப் புடிச்சு ஒக்கார வச்சாக, ஒண்ணும் மண்டையில ஏறலை, பயம் மட்டும் இருந்துச்சு. கிராஸ்ப்புக்கும் புரிஞ்சுக்கிறதுன்னு ஒரு அர்த்தம் உண்டு. நம்மகூட ‘புடிபடலை’ங்கிறோம்ல. மூளைக்கும் ரெண்டு கை இருக்குன்னு எல்லா ஊர்க்காரனும் நெனச்சிருக்கான்.

கேப்சர்னா எதிர்த்து நிக்கிறவனைப் புடிக்கிறது. கோட்டையைப் பண்ணலாம், ராசாவைப் பண்ணலாம். கட்டபொம்மனைப் புடிச்சு 1799-ல நம்ம கயத்தாறுல தூக்குல போட்டாகளே, அங்க பொருந்துற சொல்லு அதுதான். நீ பரீட்சைக்கு ஆன்லைன்ல மனுப்போட்டப்ப ‘டிராபிக் வெளக்கு இருக்குற கட்டமெல்லாம் தொடு’ன்னு ஒண்ணு வந்துச்சுல்ல, கேப்ட்சா, அந்தப் பேரு நாலு கம்ப்யூட்டர்க்காரவுக வச்சது. மனுசனையும் மிஷினையும் பிரிச்சுப் பாக்குற சோதனைங்கிறதோட மொத எழுத்துகளைக் கோத்து, கேப்சர் மாதிரியே காதுல விழட்டும்னு வச்சுக்கிட்டாக. எனக்கு அதுல மூணு தரம் மனுசன் இல்லைன்னு வந்துச்சு.

சரி, இப்ப ஒன் புத்தகத்துல இல்லாத ஒண்ணைச் சொல்றேன், கிட்ட வா. எதை எப்படிப் புடிச்சாங்கிறது பாதிதான். யாரு புடிச்சாங்கிறதுலதான் சொல்லே மாறும். 1801-ல ஆற்காட்டு நவாப்பைக் கையெழுத்துப் போட வச்சு, நம்ம கர்நாடகச் சீமை பூராவையும் கம்பெனி எடுத்துக்கிச்சு. இங்கிலீசுச் சரித்திரத்துல அதுக்கு என்ன சொல்லு தெரியுமா? சீஸ் இல்லை, கிராப் இல்லை. ‘அஸ்யூம்’. நிர்வாகத்தை ஏத்துக்கிட்டாகளாம், பாரஞ்சுமக்குற மாதிரி. நீ படிக்கிற அர்த்தத்துல பாத்தா ‘நம்மதுன்னு நெனச்சுக்கிட்டாக’ன்னு வரும், அதுதான் எனக்கு இன்னும் சரியாப் படுது. டல்ஹௌசி 1848-ல சதாராவை எடுத்தாரு, 1856-ல அவத்தை எடுத்தாரு. அதுக்குச் சொல்லு ‘அனெக்ஸ்’. நாங்க மனுவுக்குப் பின்னாடி நூல் போட்டுக் கட்டுற அனெக்சர் காகிதம் மாதிரி, ஒரு ராச்சியத்தை எடுத்து இன்னொண்ணோட கோத்துட்டாக.

நம்மளும் கத்துக்கிட்டோம். சர்க்காரு நெலத்தை எடுத்தா அது ‘அக்விசிஷன்’, நில ஆர்ஜிதம். 1894-ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் 2013 வரைக்கும் ஓடி, பெறகு புதுசா ஒண்ணு வந்துச்சு. அதே நெலத்தை ஒரு தனி ஆளு வளைச்சா ‘லேண்ட் கிராபிங்’, அதுக்கு 2011-ல தமிழ்நாட்டுல தனிப் போலீசுப் பிரிவே வச்சாக. நெலம் ஒண்ணு, வேலி ஒண்ணு, அழுகுறவன் ஒருத்தன். எடுக்குறவன் போட்டிருக்குற சட்டைக்கு ஏத்த மாதிரி சொல்லு. ஆகவே ‘சரியான சொல்லைத் தேர்ந்தெடு’ன்னு பரீட்சையில கேட்டான்னா, மொதல்ல எழுவாயைப் பாரு தாயி. செயப்படுபொருளைப் பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்லை, அது எப்பவும் நம்மாளாத்தான் இருக்கும்.

அகராதி விசயமா? நல்லா ஞாபகம் வச்சிருக்க. என்னைக் கேட்டா ‘இன்ஹெரிட்’. குருகிட்ட இருந்து சிஷ்யனுக்கு வந்த சொத்து. வக்கீலையா மூத்த மகன் ஊருக்கு வந்தப்ப அதை நம்ம அலமாரியில பாத்துட்டாரு. அவரு வாயில ஒரு சொல்லு வந்துச்சு, முழுங்கிட்டாரு. முழுங்கினது எதுன்னு அன்னிக்கு ராத்திரி அதே அகராதியில தேடிப் பாத்தேன். எஸ் வரிசையில இருந்துச்சு. சீஸுக்கு அப்புறம், ஸ்நாட்ச்சுக்கும் அப்புறம்.

ஒன் பனியன்ல இங்கிலீசுல ‘சீஸ் த டே’ன்னு அச்சடிச்சிருக்கே, அதையும் சொல்லிப்புடுறேன். நாளை சீஸ் பண்ணு. தவணை கட்டாத வண்டி மாதிரி நாளை எப்படித் தூக்கிட்டு வர்றது? ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஹொரேஸ்னு ரோமாபுரிக் கவி சொன்னதோட மொழிபெயர்ப்பு அது. அவரு போட்ட லத்தீன் சொல்லுக்குப் பூவையோ பழத்தையோ காம்போட கிள்ளி எடுக்குறதுன்னு பொருள். நம்ம பறிக்கிறது. பழுத்த நேரத்துல பறின்னு சொன்னாரு. இங்கிலீசுக்காரன் அதுக்கு அமீனாவைக் கூட்டிட்டு வந்துட்டான். ஆனா நம்மளும் யோக்கியம் இல்லை. பூப்பறிக்கிறதும் பறிதான், வழிப்பறியும் பறிதான்.

அந்தா, அப்பத்தா கூப்புடுறா. சேவல் முருங்கை மரத்துல ஏறிருச்சாம். நீ ஓடு, சேஸ் பண்ற வயசு ஒனக்குத்தான். நான் பஞ்சாரத்தைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இங்க நிக்கேன், ஹோல்டு. பைய, பைய. கெளையை ஆட்டாத. வாலைப் புடிக்காத, ரெக்கையோட சேத்து அமுக்கு... இப்ப, இப்ப!

போச்சா. சரி விடு, கூரை மேலதான் நிக்குது. கையில என்ன, ரெண்டு எறகா? பரவால்ல தாயி, அந்த ரோமாபுரிக்காரர் சொன்னதை அப்படியே செஞ்சுட்ட. அப்பத்தாகிட்ட மட்டும் அதை இங்கிலீசுலயே சொல்லு.